பனி ஏரியில் தூண்டில் நூல் முறுக்கேறுவதை எப்படித் தடுப்பது?

“கனடாவில் உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கிறேன். நூல் சுருள் சுருளாக முறுக்கிக்கொள்கிறது, லூர் (செயற்கை இரை) தண்ணீருக்குள் தானாகவே சுற்றுகிறது, என்ன செய்யலாம்?” என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு ஒருவர் “நல்ல பிரெய்டு நூலாக (மெல்லிய இழைகளைப் பின்னிய நூல்) வாங்கிப் போடுங்கள்” என்று ஒரே வரியில் பதில் எழுதியிருக்கிறார், அதற்கு அத்தனை பேர் ஆமாம் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்த வயிற்றெரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். உறைந்த ஏரியைக் கண்ணால் கண்டதில்லை. நான் பட்ட பெரிய குளிர் கேமரன் மலைக் குளிர்தான். “ஐஸையே பார்க்காதவன் ஐஸ் ஏரிக்கு யோசனை சொல்ல வந்துவிட்டான்” என்று கீழே எழுதத் தயாராக இருப்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சுழல்கிற சாமான்களோடுதான் என் காலம் போனது. நூலில் முறுக்கு ஏறுவது ஏரியில் இல்லை, ரீலில். ஐஸ் அதைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

நீங்கள் இந்தக் குளிர்காலத்திலோ போன குளிர்காலத்திலோ ஆரம்பித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கடையில் செட்டாக விற்கும் ஒன்றரை முழ நீள ராடும், உள்ளங்கைக்குள் அடங்குகிற ஸ்பின்னிங் ரீலும் வாங்கியிருப்பீர்கள். நூல் சுற்றியே வந்திருக்கும். அப்படி இல்லையென்றால் கோபித்துக்கொள்ள வேண்டாம். என் அக்கா மகன் அப்படித்தான் ஆரம்பித்தான். டொரொண்டோவுக்கு வடக்கே பேரி என்ற ஊரில் இருக்கிறான், சிம்கோ ஏரி அவன் வீட்டுக்குப் பக்கம். மஞ்சள் பெர்ச், வைட்ஃபிஷ், லேக் ட்ரவுட் எல்லாம் அங்கே உண்டு. அக்காவுக்கு நூலைப் பற்றிக் கவலையே இல்லை, ஐஸ் உடைந்து பிள்ளை உள்ளே போய்விடுவானோ என்பதுதான் பயம். ஆள் நடக்கத் தெளிவான ஐஸ் குறைந்தது 10 சென்டிமீட்டர் கனம் இருக்க வேண்டும், அளந்து பார்த்துத்தான் போகிறான் என்று நான்தான் சமாதானம் சொல்வேன்.

ஒருநாள் ஒட்டுக்கடையில் தே தாரேக் குடித்துக்கொண்டிருக்கும்போது அவனிடமிருந்து வீடியோ வந்தது. துளைக்குள் சின்னக் கேமரா இறக்கி எடுத்தது. பெர்ச் கூட்டமாக வருகிறது, ஜிக்கை (எடை வைத்த சின்னக் கொக்கி) பார்க்கிறது, நின்று யோசிக்கிறது, திரும்பிப் போகிறது.

“மாமா, இரை பிடிக்கலையா இதுங்களுக்கு?”

நான் இரையைப் பார்க்கவில்லை. அந்த ஜிக் நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு பக்கமாகச் சுற்றி, நின்று, மறுபக்கமாகச் சுற்றியது. தானாகச் சுற்றும் புழுவை எந்த மீன் நம்பும்? இங்கே பிளஸ் ஆற்றில் மண்புழுவைக் கோணலாகக் கோத்துப் போட்டால் நீரோட்டத்தில் சுற்றும், மீன் தொடாது. ஆனால் ஆற்றில் நீரோட்டம் இருக்கிறது, அதனால் பழியை அதன்மேல் போட்டுவிடலாம். உறைந்த ஏரியில் நூல் நேர்க்கீழே தொங்குகிறது, லூரை இழுக்கவோ தள்ளவோ ஒன்றுமில்லை. அப்படியும் சுற்றுகிறது என்றால் நூலுக்குள் இருக்கும் முறுக்கு அவிழப் பார்க்கிறது என்று அர்த்தம்.

“நூலை எப்படிடா இறக்குறே?” என்று கேட்டேன்.

“கையால இழுத்து இழுத்து விடுவேன் மாமா. கையுறையோட பெயிலைத் திறக்க வரல.”

வந்த வினை அங்கேதான் இருந்தது.

ஸ்பின்னிங் ரீலில் நூல் இருக்கும் உருளையான ஸ்பூல் சும்மா நிற்கிறது, பெயில் என்கிற வளைகம்பிதான் அதைச் சுற்றி ஓடி நூலைச் சுற்றுகிறது. அப்படிச் சுற்றும்போது ஒரு சுற்றுக்கு ஒரு முறுக்கு நூலில் ஏறும். இது ரீலின் கோளாறு இல்லை, அதன் பிறவிக் குணம். பெயிலைத் திறந்து நூலை விட்டால் வளையம் வளையமாக ஸ்பூலின் விளிம்பைத் தாண்டி விழும்போது அந்த முறுக்கு அப்படியே இறங்கிவிடும். கணக்கு சரியாகிவிடும். ஆனால் பெயிலை மூடி வைத்துக்கொண்டு கையால் நூலை இழுத்தால் என்ன நடக்கிறது? டிராக் (ஸ்பூலைப் பிடித்து வைக்கும் பிரேக்) வழுக்கி, ஸ்பூல் திரும்பி, நூல் நேராக வெளியே வருகிறது. முறுக்கு இறங்குவதே இல்லை. திரும்பச் சுற்றும்போது மட்டும் ஏறுகிறது. ஸ்பூலின் விட்டம் 3 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு சுற்றில் 9 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக நூல் ஏறும். 10 மீட்டர் ஆழத்துக்குக் கையால் இழுத்து இறக்கி ஒருமுறை சுற்றி எடுத்தால் நூற்றுக்குமேல் முறுக்கு. காலையிலிருந்து மாலைவரை எத்தனை தடவை இறக்கி ஏற்றுகிறீர்கள், நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது, அதை நான் எங்கள் ஊர் பாத்தின் மீன் குளத்தில் தினமும் பார்க்கிறேன். காசு கட்டிப் பிடிக்கும் குளம். ஐந்தாறு கிலோ பாத்தின் ரொட்டியைக் கவ்விக்கொண்டு ஓடும், டிராக் கிர்ரென்று கத்தும், தம்பி விடாமல் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருப்பான். மீன் ஓர் அங்குலம்கூட வராது. ரீலின் கியர் விகிதம் 5.2க்கு 1 என்றால் கைப்பிடி ஒரு சுற்றுக்குப் பெயில் ஐந்து சுற்று, ஐந்து முறுக்கு. அரை நிமிஷத்தில் புது நூல் பாழ். “டிராக் கத்தும்போது சுத்தாதே தம்பி, ராடைத் தூக்கு, இறக்கும்போது சுத்து” என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. “அங்கிள், மீன் போயிடும்” என்பான். அப்புறம் ரீலைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வருவான், அவிழ்த்துத் தரச் சொல்லி. கூலியாக வெள்ளிக்காசு கேட்டால் நான் கெட்டவன். உங்கள் ஊரில் பெரிய லேக் ட்ரவுட் மாட்டினாலும் இதே கதைதான்.

இதற்குமேல் குளிர் சேர்கிறது. நைலான் நூல் குளிரில் விறைக்கும், ஸ்பூலில் கிடந்த வளைவை விடாது. நான் சும்மா சொல்லவில்லை. மெல்லிய நைலான் நூல் சுற்றிய ரீல் ஒன்றை ராத்திரி முழுக்க வீட்டு ஃப்ரீசரில் வைத்துப் பார்த்தேன். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி, உங்கள் பக்கம் ஜனவரி இரவுகள் அந்த அளவுக்குப் போவதுண்டு. காலையில் எடுத்து நூலை விட்டால் சுருள்கம்பி மாதிரி நின்றது. அதே நூல் வெளியே வெயிலில் நேராகத் தொங்கும். “மீன் வைக்கிற இடத்துல ரீலை வைக்கிறீங்களே” என்று வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனி. ஐஸ் ரீலில் ஸ்பூல் சின்னது, அதனால் வளையமும் சின்னது. ஜிக் ஒரு கிராம், இரண்டு கிராம். அந்த எடை சுருளை இழுத்து நேராக்கப் போதாது.

இதெல்லாம் எனக்கு ரீலைப் பார்த்துத் தெரிந்ததில்லை. ஆலையில் பழக்கூண்டு தூக்கும் ஹோய்ஸ்டுக்குப் புது வயர் ரோப் மாற்றும்போது தெரிந்தது. ரோப் சுருளைத் தரையில் படுக்கப் போட்டு முனையைப் பிடித்து இழுத்தால் ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு முறுக்கு ஏறிவிடும். சுருளை நிமிர்த்தி உருட்டிக்கொண்டே போக வேண்டும், இல்லையென்றால் சுழலும் மேடையில் வைத்து அவிழ்க்க வேண்டும். இதைத் தோட்டத்துப் பழைய ஃபிட்டர்கள் யாரும் புத்தகத்தில் படிக்கவில்லை. ஒருமுறை பட்டம் வாங்கிய இளம் இன்ஜினியர் ஒருவர் “நேரமில்லை, இழுங்க” என்றார். வேண்டாம் சார் என்று சொன்னோம். இழுக்க வைத்தார். ரோப் மடிந்து நெளிந்தது, நெளிந்த வயர் ரோப்பை வெட்டி எறிய வேண்டியதுதான், நிமிர்த்திப் போட்டு ஆள் தலைக்குமேல் சுமை தூக்க முடியாது. அறிக்கையில் ஃபிட்டர்களின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். அந்த வருஷ போனஸில் கை வைத்தார்கள். ஓய்வு பெறும் நாளில் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள், அதுவும் ஓடுவதில்லை. நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் “இவருக்கு என்ன தெரியும்” என்று யாராவது கேட்பதற்குமுன் சொல்லி வைக்கிறேன்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. செட்டோடு வந்த நூலைக் கழற்றிப் போடுங்கள், அதை எப்படிச் சுற்றினார்கள் என்று யாருக்கும் தெரியாது. புது நூல் உருளையை லேபிள் மேலே இருக்கும்படி தரையில் படுக்க வையுங்கள். நூலை விரல்களுக்கிடையே அழுத்திப் பிடித்து, கைப்பிடியைப் பத்துப் பதினைந்து சுற்று சுற்றிவிட்டு நூலைத் தளர்த்திப் பாருங்கள். நேராகத் தொங்கினால் அப்படியே தொடருங்கள். தளர்த்தியதும் முறுக்கிக்கொண்டால் உருளையைத் திருப்பிப் போடுங்கள், நூல் வரும் திசையும் ரீல் சுற்றும் திசையும் ஒன்றாகிவிடும். விளிம்புவரை நிரப்பாதீர்கள், இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டுவிடுங்கள். மெல்லிய நூலாக, மென்மையானதாகப் பாருங்கள். பெர்ச்சுக்கு 2, 3, 4 பவுண்டு தாங்கும் நூல் தாராளம்.

இறக்கும்போது பெயிலைத் திறந்து, விரலால் தடவி விடுங்கள். கையுறை இடைஞ்சல் என்றால் விரல் நுனி இல்லாத கையுறை போடுங்கள். என் மருமகன் அப்படித்தான் செய்தான். மூடும்போது கைப்பிடியைச் சுற்றி மூடாமல் பெயிலைக் கையால் மூடி, நூலை ஒருமுறை இழுத்து இறுக்குங்கள்.

ஸ்விவல் (நூலுக்கு நடுவே கட்டும் சுழல் இணைப்பு) போடுங்கள், ஆனால் எதையாவது போடாதீர்கள். சாதாரணப் பித்தளை ஸ்விவல் ஒரு கிராம் ஜிக்குக்கு அசையாது. உள்ளே குண்டு வைத்த பேரிங் ஸ்விவல், கிடைப்பதில் ஆகச் சிறியது, அதன் கீழே 45 முதல் 60 சென்டிமீட்டர் ஃப்ளோரோகார்பன் லீடர் (ஜிக்கைக் கட்டும் கடைசித் துண்டு நூல்). ஸ்விவல் ராடு நுனி வளையத்துக்குள் போகாது. அதனால் லீடரை ராடைவிட நீளமாக வைத்தால் மீனைத் துளைக்கு மேலே கொண்டுவர முடியாமல் நிற்பீர்கள். நனைந்த ஸ்விவலைக் காற்றில் தொங்கவிட்டால் உறைந்துவிடும், பிறகு அது இருப்பதும் ஒன்றுதான் இல்லாததும் ஒன்றுதான்.

முடிச்சையும் பாருங்கள். படுத்த வாக்கில் தொங்க வேண்டிய ஜிக்கில் முடிச்சு அதன் கண்ணின் (நூல் கட்டும் வளையம்) ஓரத்துக்கு நழுவினால் ஜிக் சாய்ந்து, தூக்கும்போதெல்லாம் சுற்றும். மீன் ஒன்று பிடித்ததும் முடிச்சை நடுவுக்குத் தள்ளிவிடுங்கள். புழுவையும் நேராகக் கோத்துவிடுங்கள். செபராவ் மீனுக்கு ஸ்பின்னர் (சுழலும் தகடு வைத்த லூர்) போடுகிற எங்கள் ஊர்ப் பையன்களுக்கு இந்தப் பாடம் சீக்கிரம் வந்துவிடும், அந்தத் தகடு சுற்றுகிற சுற்றில் ஒரே மாலையில் நூல் நாசம்.

இன்லைன் ரீல் வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். அதில் ஸ்பூலே திரும்பி நூலைச் சுற்றும், முறுக்கு ஏற வழியே இல்லை. பெர்ச் பிடிக்கும் ஆழத்துக்கு அருமையான சாமான். ஆனால் கைப்பிடி ஒரு சுற்றுக்கு வரும் நூல் குறைவு, 20 மீட்டர், 30 மீட்டர் ஆழத்தில் ட்ரவுட் தேடினால் கை சலித்துவிடும். காசு இருந்தால் இரண்டும் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இருக்கிற ரீலை ஒழுங்காகப் பிடியுங்கள்.

ஏற்கெனவே ஏறிய முறுக்கை இறக்க, இங்கே செண்டரோ ஏரியில் நாங்கள் லூரைக் கழற்றிவிட்டுப் படகுக்குப் பின்னால் வெறும் நூலை இழுத்துக்கொண்டு போவோம். உங்களுக்குப் படகு ஓடாது. ஜிக்கைக் கழற்றிவிட்டுக் கொக்கி இல்லாத 15 கிராம் ஈயக் குண்டைக் கட்டித் துளைக்குள் ஆழமாக இறக்கி, அது சுற்றி ஓயும்வரை தொங்கவிடுங்கள். இரண்டு மூன்று தடவை செய்தால் பெரும்பாலும் சரியாகும். அப்படியும் சரியாகாத நூலை வெட்டி வீட்டுக்கு எடுத்துப் போங்கள், ஐஸ் மேல் போடாதீர்கள்.

இனி அந்தப் பிரெய்டு. பிரெய்டுக்கு வளைவை நினைவில் வைக்கும் குணம் இல்லை, அது உண்மை. ஆனால் முறுக்கு அதிலும் ஏறும். கண்ணுக்குத் தெரியாது, ஒருநாள் மொத்தமாக முடிச்சாகித் தெரியும். தவிர அது தண்ணீரை உறிஞ்சும், வெளியே எடுத்ததும் ராடு வளையங்களில் ஐஸாகப் பிடித்துக்கொள்ளும் என்று மருமகன் சொல்கிறான். கூடாரத்துக்குள் ஹீட்டர் வைத்து உட்காருகிறவர்களுக்குச் சரி, திறந்த வெளியில் நிற்பவர்களுக்குத் தொல்லை. அவன் நைலானுக்கே திரும்பிவிட்டான். பெர்ச் இப்போது திரும்பிப் போவதில்லை. வைட்ஃபிஷ் மட்டும் இன்னும் வீடியோவில்தான் வருகிறது, அதற்கு என்னிடம் மருந்து கிடையாது.

நீங்கள் எத்தனை மீட்டர் ஆழத்தில் போடுகிறீர்கள், ரீலின் கியர் விகிதம் என்ன என்று கீழே எழுதுங்கள். விகிதம் பெரும்பாலும் ரீலின் பக்கத்திலேயே அச்சடித்திருக்கும்.