சேதுக்கரையும் கரடியும்

அண்ணே, வணக்கம்.

போன வாரம் மகளைச் சேதுக்கரைக்குக் கூட்டிப் போயிருந்தேன். பாலம் கட்டிய கதையைச் சொல்லிக்கொண்டு வரும்போது, "ஜாம்பவான் கரடிதானே, அப்படின்னா நம்ம பக்கம் கரடி இருந்துச்சாப்பா?" என்று கேட்டாள். பனையும் கருவேலமும் கிடக்கிற சீமையில் கரடிக்கு என்ன வேலை என்று சமாளித்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரியே மலையடிவாரத்து ஊர் ஒன்றில் கரடி ஒருவர் முகத்தைக் கிழித்துவிட்டதாக ஃபோனில் ஒரு வீடியோ வந்தது. இவ்வளவு கொடூரமான மிருகத்தைச் சட்டம் போட்டு எதற்குக் காப்பாற்றுகிறார்கள்? இரண்டுக்கும் பதில் எழுதுங்கள்.

தொண்டியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 'கொடூரம்' என்ற அந்தச் சொல் மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நான் முதன்முதலில் கரடியைப் பார்த்தது தேவிபட்டினத்தில், எங்கள் தெருவில். அப்போது எனக்கு ஆறேழு வயது. கரடிக்காரர் ஒருவர் வந்திருந்தார். ராத்திரி பயந்து அழுகிற பிள்ளைகளைக் கரடி மேல் உட்கார வைத்தால் பயம் தெளியும் என்பார்கள், தாயத்தில் அடைக்கக் கரடி முடியும் விற்பார்கள். அம்மா என்னையும் தூக்கி உட்கார வைத்தார். முடி தேங்காய் நார் மாதிரி சொரசொரவென்று தொடையில் குத்தியது. இறங்கி முன்னால் வந்தபோதுதான் மூக்கைப் பார்த்தேன். அதைத் துளைத்துக் கயிறு ஓட்டியிருந்தார்கள், துளையைச் சுற்றி ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. கயிற்றைச் சுண்டும்போதெல்லாம் அது இரண்டு காலில் எழுந்து நிற்கும், ஆடுகிறது என்று நாங்கள் கைதட்டுவோம். வலியில்தான் எழுந்தது என்று புரிய எனக்குப் பல வருஷம் ஆனது. 1972-லேயே வனவிலங்குச் சட்டம் வந்துவிட்டது, ஆனாலும் அந்தப் பிழைப்பை நம்பியிருந்த குடும்பங்களுக்கு வேறு தொழில் ஏற்பாடு செய்து கொடுத்த பிறகு 2009 வாக்கில்தான் இந்த வேடிக்கை ஓய்ந்தது.

மூக்கைத் துளைத்ததை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நம் காட்டுக் கரடிக்கு மூக்குதான் எல்லாமே. கண் பார்வை மங்கல், காதும் அவ்வளவு கூர்மை கிடையாது. அதன் முக்கியமான சாப்பாடு கறையானும் எறும்பும். மண்ணுக்குள் இருப்பதை மோந்தே கண்டுபிடித்து, மூன்று நான்கு அங்குல நீளமுள்ள நகத்தால் புற்றைப் பிளக்கும். அப்புறம் மூக்குத் துவாரத்தை இறுக்கி மூடிக்கொண்டு, நீளமான உதட்டைக் குழாய் மாதிரி குவித்து, முதலில் தூசியை ஊதித் தள்ளிவிட்டுக் கறையானை உறிஞ்சும். அதற்கு வழிவிடுவது போல மேல்வாயில் நடுப்பல் இரண்டு இல்லவே இல்லை. உறிஞ்சுகிற சத்தம் நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். நீண்ட நகத்தைப் பார்த்துவிட்டு, 1791-ல் இதற்குப் பெயர் வைத்த ஆங்கிலேயர் மரத்தில் தொங்கும் அசமந்த விலங்குகளோடு இதைச் சேர்த்துவிட்டார். கரடி என்று தெரிந்து திருத்த இருபது வருஷம் போல ஆனது. நம் ஆட்களுக்கு அந்தக் குழப்பமே இருந்ததில்லை. சங்கப் பாடல்களில் இதன் பெயர் எண்கு. ராத்திரியில் புற்றைக் கிண்டுவதும் இலுப்பைப் பூவைத் தின்பதும் அதில் அப்படியே இருக்கின்றன.

இப்போது அந்த வீடியோவுக்கு வருவோம். தலையைப் புற்றுக்குள் விட்டுச் சத்தமாக உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. காற்று வேறு பக்கம் அடிக்கிறது. விறகுக்கோ மாடு தேடியோ போனவர் பத்தடியில் வந்து நின்ற பிறகுதான் அதற்கே தெரிகிறது. புலி நடமாடுகிற காட்டில் பிழைத்து வந்த மிருகம், ஓடித் தப்புவதை விட எழுந்து நின்று அடிப்பதைத்தான் நம்பும். முதுகில் குட்டி இருந்தால் கேட்கவே வேண்டாம். குட்டியை மாதக்கணக்கில் முதுகில் சுமந்தே இரை தேடுகிற தாய் அது. அடிபட்டவருக்குக் கண் போகிறது, முகம் சிதைகிறது, அதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் அது மனிதனைத் தின்ன வந்த மிருகம் இல்லை, திடுக்கிட்டுப்போன மிருகம். அம்பாசமுத்திரம் பக்கத்து மலையடிவார ஊர்களிலும் கோத்தகிரித் தேயிலைத் தோட்டங்களிலும் கரடி ஊருக்குள் வருவது வாடிக்கையாகிவிட்டது, விளக்கு எண்ணெய்க்காகக் கோயில் கதவைக் கூட உடைக்கிறது. அங்கே இருப்பவர்கள் இருட்டில் தனியாகப் போகாமல், பேசிக்கொண்டே கூட்டமாகப் போவதுதான் நல்லது.

சரி, மகளின் கேள்வி. இன்றைக்கு நம் கடற்கரையில் கரடி கிடையாது. பாறை இடுக்கு, புதர்க்காடு, புற்று, கொன்றையும் நாவலும் மாதிரி பழமரம், இதெல்லாம் அதற்கு வேண்டும், அதனால் மேற்கே மலைப்பக்கம்தான் போக வேண்டும். ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம், மன்னாருக்குத் தெற்கே வில்பத்துக் காட்டிலும் வன்னிக் காட்டிலும் இதே இனக் கரடி இருக்கிறது. முடி கொஞ்சம் குட்டை, நெஞ்சில் உள்ள வெள்ளைக் கீற்று மங்கல், சிலதுக்கு அதுவும் இருக்காது. நீந்தியா போயிருக்கும்? இருபதாயிரம் வருஷத்துக்கு முன்னால் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதை விட 120 மீட்டர் போலத் தாழ்ந்து கிடந்தது. தனுஷ்கோடிக்கு அப்பால் திட்டுத் திட்டாக இடுப்பளவுத் தண்ணீர் நிற்கிற இடமெல்லாம் அன்றைக்குத் தரை. அப்படித் தரையாகக் கிடந்த காலங்களில்தான் யானையும் சிறுத்தையும் கரடியும் நம் வாசல் வழியாக நடந்து அங்கே போயின.

மண்டபம் முகாமில் இருந்த வன்னிக்கார அக்கா ஒருத்தர் ஒருமுறை என்னிடம் பாலைப்பழக் காலத்தைப் பற்றிச் சொன்னார். வேப்பம்பழம் அளவில் மஞ்சளாக, ஒட்டுகிற இனிப்போடு இருக்குமாம். மனிதருக்கும் கரடிக்கும் ஒரே மரம்தான். பொறுக்கப் போகிற பெண்கள் வழி நெடுக உரக்கப் பேசிக்கொண்டும் வாளியைத் தட்டிக்கொண்டும் போவார்களாம். தூரத்தில் கிளை முறிகிற சத்தம் கேட்டால், "அவர் வந்துட்டார்" என்று சொல்லிவிட்டு, அந்த மரத்தை விட்டு வேறு மரத்துக்குப் போய்விடுவார்களாம்.

அன்புடன்,
அண்ணன்