டாட் ஏஐ வாங்கிப் போட்டால் லாபமா?

இணையம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கையில் 3 லட்ச ரூபாய் இருக்கிறது. டாட் ஏஐ, டாட் ஐஓ, டாட் இன் போல நாடுகளுக்கு உரிய டொமைன் பெயர்களை, அதாவது இணைய முகவரிகளை, வாங்கிப் போட்டால் இரண்டு வருடத்தில் பத்து மடங்கு விலைக்கு விற்கலாம், மனை வாங்கிப் போடுவது போலத்தான் என்று என் மகனின் நண்பர் சொல்கிறார். வாங்கித் தரவும் தயாராக இருக்கிறார். இறங்கலாமா?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம் ஐயா. ஓய்வுக்காலப் பணத்தை இதில் போடாதீர்கள். அந்தத் தம்பி சொல்வதில் உண்மையும் கலந்திருக்கிறது. அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

பெரிய விலைக்குப் போன பெயர்கள் உண்டு. கொலம்பியா நாட்டுக்கு உரியது டாட் கோ. அதில் 'ஓ' என்ற ஒற்றை எழுத்துப் பெயரை 2010-இல் அமெரிக்காவின் ஓவர்ஸ்டாக் நிறுவனம் மூன்றரை லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. 2023-இல் 'யூ டாட் ஏஐ' 7 லட்சம் டாலருக்கு விலைபோனது. இவை செய்தியில் வந்தவை. விற்காமலே கிடந்து காலாவதியாகும் பெயர்களைப் பற்றி யாரும் செய்தி போடுவதில்லை.

இதில் நிச்சயமாகச் சம்பாதிப்பது அந்தந்த நாடுதான். டாட் ஏஐ, கரீபியன் கடலில் உள்ள அங்குயிலா என்ற குட்டித் தீவுக்கு உரியது. மக்கள்தொகை 16 ஆயிரத்தைச் சுற்றித்தான். 2022 கடைசியில் சாட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவு (ஏஐ) செயலி வந்ததும் உலகமே டாட் ஏஐ கேட்டு வரிசையில் நின்றது. 2023-இல் மட்டும் அந்தத் தீவுக்கு டொமைன் கட்டணமாக வந்தது சுமார் 3.2 கோடி டாலர், அரசின் மொத்த வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். பசிபிக்கில் உள்ள துவாலுவும் அப்படித்தான். தன் டாட் டிவியைக் குத்தகைக்கு விட்டு, வந்த பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு 2000-இல் ஐ.நா. சபையில் உறுப்பினராகச் சேர்ந்தது. நாம் எடுத்த பெயர் விற்கிறதோ இல்லையோ, நாம் கட்டிய கட்டணம் அவர்களுக்குப் போய்விடும்.

உங்கள் 3 லட்சத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். டாட் ஏஐ பெயரைக் குறைந்தது இரண்டு வருடத்துக்குச் சேர்த்துத்தான் எடுக்க முடியும். அந்த இரண்டு வருடத்துக்கு அங்குயிலாவின் கட்டணம் 140 டாலர் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு பெயருக்கு 12 ஆயிரம் ரூபாய் ஆகிவிடும். பெயரைப் பதிந்து தரும் நிறுவனமான ரிஜிஸ்ட்ராரின் லாபமும் வரியும் தனி. 3 லட்சத்துக்கு இருபது, இருபத்தைந்து பெயர் வந்தால் பெரிது. இரண்டு வருடம் கழித்து அதே பணத்தை மறுபடி கட்ட வேண்டும். கட்டாவிட்டால் பெயர் கையை விட்டுப் போய்விடும். மனை வாங்கினால் பட்டா உங்கள் பெயரில் வந்துவிடும், சும்மா கிடந்தாலும் நிலம் நிலம்தான். இங்கே உங்களுக்குக் கிடைப்பது தவணை கட்டும்வரை பயன்படுத்தும் உரிமை மட்டும்.

டாட் இன் மலிவு, வருடத்துக்கு எண்ணூறு, ஆயிரம் ரூபாய்தான் என்பார்கள். சரி, நூறு பெயர் எடுத்தால் வருடம் 90 ஆயிரம். நூறு பெயர் வைத்திருந்தால் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ விற்கும் என்பதுதான் இந்தத் தொழிலில் பழகியவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அவர்கள் பெயரைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவர்கள். விற்றுக் கொடுக்கும் சந்தைத் தளங்களுக்கு 15 முதல் 25 சதவீதம் வரை கமிஷன் போகும். விற்கும் அந்த ஒன்றிரண்டு பெயர்கள் சேர்ந்து ஒரு லட்சத்துக்கு மேல் தந்தால்தான் முதலே தேறும்.

வாங்குகிறவர் எப்படி யோசிக்கிறார் என்பதை நான் நேரில் பார்க்கிறேன். கோவையில் சிறு நிறுவனங்களுக்கு இணையதளம் அமைத்துக் கொடுப்பதுதான் என் வேலை. திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் ஒருவர் தன் கம்பெனிப் பெயரில் டாட் இன் கேட்டார். தேடிப் பார்த்தால் யாரோ ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார்கள். வெள்ளைப் பக்கம், நடுவில் 'விற்பனைக்கு' என்று ஒரு வரி, கீழே 2,400 டாலர். ரூபாயில் இரண்டு லட்சம் சொச்சம் என்று சொன்னேன். "அந்தக் காசுல நாலு ஓவர்லாக் மிசின் எறக்கிரலாமுங்க" என்றார். கம்பெனிப் பெயருக்குப் பின்னால் 'நிட்ஸ்' என்று சேர்த்துத் தேடினோம், கிடைத்தது. ஆயிரம் ரூபாய்க்குள் வேலை முடிந்தது. அவருடைய ஜெர்மன் வாடிக்கையாளர்கள் யாரும் அந்த 'நிட்ஸ்' ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு லட்சம் கேட்டவரின் பக்கத்தில் இன்னும் அதே விற்பனை வரிதான் இருக்கிறது. ஒரு எழுத்தையோ சொல்லையோ சேர்த்தால் புதுப் பெயர் கிடைத்துவிடும் சந்தையில், பழைய பெயரை ஏன் லட்சம் கொடுத்து வாங்கப் போகிறார்கள்?

அடுத்தது, அந்தந்த நாட்டின் சட்டமும் அரசியலும். டாட் எல்ஒய் லிபியாவுடையது. நீளமான இணைய முகவரியைச் சுருக்கித் தரும் தளம் ஒன்றை ஓர் அமெரிக்கர் அதில் நடத்திவந்தார். அது தங்கள் நாட்டுச் சட்டத்துக்கு ஒவ்வாதது என்று சொல்லி, 2010-இல் அந்தத் தளத்தின் பெயரை லிபியா பறித்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் வெளியேறியதும், பிரிட்டனில் வசித்த பிரிட்டிஷ்காரர்களின் டாட் இயு பெயர்கள் 2021-இல் முடக்கப்பட்டன. யூகோஸ்லாவியா என்ற நாடே இல்லாமல் போனதால் டாட் ஒய்யு 2010-இல் மூடப்பட்டது.

உங்களிடம் சொன்ன டாட் ஐஓ இப்போது அப்படியொரு கேள்விக்குறியில்தான் நிற்கிறது. அது பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசத்துக்கு, அதாவது சாகோஸ் தீவுகளுக்கு உரியது. அந்தத் தீவுகளின் இறையாண்மையை மொரீஷியஸுக்குத் தரும் ஒப்பந்தத்தில் பிரிட்டன் 2025 மே மாதம் கையெழுத்திட்டது. அந்தப் பிரதேசத்தின் 'ஐஓ' என்ற ஈரெழுத்துக் குறியீடு, நாட்டுக் குறியீடுகளின் சர்வதேசப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டால், டாட் ஐஓவை ஐந்து வருட அவகாசத்தில் மூட விதி இருக்கிறது. நடக்குமா என்பது வேறு விஷயம். ஓய்வு பெற்றவர் தன் சேமிப்பை அந்த முடிவுக்காகக் காக்க வைப்பதை என்னால் ஏற்க முடியாது.

பிரபலமான கம்பெனிப் பெயர்களை முந்திக்கொண்டு எடுத்து வைப்பார்கள் சிலர். அந்த யோசனை வந்தால் உடனே மறுத்துவிடுங்கள். சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்போவே தன் 'சிஃபி' பெயருக்காகத் தொடுத்த வழக்கில், டொமைன் பெயருக்கும் வணிகச் சின்னத்தைப் போன்ற பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2004-இலேயே சொல்லிவிட்டது. டாட் இன் பெயர்களுக்கென்று தனித் தீர்ப்பு நடைமுறையும் இருக்கிறது. அங்கே தோற்றால் பெயர் போய்விடும், காசு ஒரு பைசா வராது.

அப்புறம் அந்தத் தம்பியிடம் ஒன்று கேளுங்கள்: வாங்கும் பெயர்கள் யாருடைய கணக்கில், யாருடைய மின்னஞ்சலில் பதிவாகும்? அவருடையதில் என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். ஆர்வமாகவே இருக்கிறது என்றால் உங்கள் பெயரிலேயே இரண்டு டாட் இன் எடுத்து, இரண்டாயிரம் ரூபாயோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: என்னிடம் ஒரு டாட் இன் பெயர் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து ஒருவர் அதை 6 லட்சத்துக்குக் கேட்டு மெயில் அனுப்பியிருக்கிறார். அதற்கு முன் ஒரு 'மதிப்பீட்டுச் சான்றிதழ்' வாங்கச் சொல்கிறார். நம்பலாமா?
- ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: நம்பாதீர்கள் அம்மா, இது பழைய மோசடி. சான்றிதழ் எங்கே வாங்குவது என்று நீங்கள் கேட்டதும் ஒரு தளத்தைக் காட்டுவார். அதை நடத்துவதும் அவரே, அல்லது அவருடைய ஆள். நீங்கள் பணம் கட்டியதும் காணாமல் போய்விடுவார். உண்மையாக வாங்குகிறவர் உங்களைச் செலவு செய்யச் சொல்ல மாட்டார். எஸ்க்ரோ மூலம், அதாவது பெயர் கைமாறும்வரை பணத்தைப் பிடித்து வைக்கும் நடுநிலை நிறுவனத்திடம், பணத்தைக் கட்டிவிட்டுப் பெயரை மாற்றித் தரச் சொல்வார். அந்த எஸ்க்ரோ தளத்தையும் அவர் அனுப்பும் லிங்க் வழியாகத் திறக்காதீர்கள்.

கேள்வி: மகள் சின்னாளபட்டிச் சேலைகளை ஆன்லைனில் விற்கப்போகிறாள். டாட் காம் கிடைக்கவில்லை. டாட் இன் போதுமா? தமிழிலேயே பெயர் வைக்கலாமா?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: தாராளமாக டாட் இன் எடுங்கள். டொமைனுக்குச் செலவழிக்க இதைவிட நல்ல காரணம் கிடையாது. 2005-இல் டாட் இன் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட பிறகு நம் மக்களுக்கு நன்றாகவே பழகிவிட்டது. தமிழில் 'டாட் இந்தியா'வும் இருக்கிறது. இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும்கூடத் தமிழ் எழுத்தில் உண்டு. எனக்கு அதில் ரொம்பவே சந்தோஷம். ஆனால் பல படிவங்கள் தமிழ் முகவரியை ஏற்பதில்லை. வாட்ஸ்அப்பில் நகலெடுத்து அனுப்பும்போது சில நேரம் 'எக்ஸ்என்' என்று தொடங்கும் புரியாத எழுத்துக்கோவையாக மாறிவிடும். அதனால் கடைக்கு டாட் இன், கூடவே இரண்டாவதாகத் தமிழ்ப் பெயர்.

பதிவு மகளின் பெயரில் இருக்கட்டும், தளம் அமைத்துத் தருபவரின் பெயரில் வேண்டாம். முதல் வருடச் சலுகை விலையைப் பார்க்காமல் இரண்டாம் வருடப் புதுப்பிப்புக் கட்டணத்தைக் கேட்டு வாங்குங்கள். பதிவுக்குக் கொடுக்கும் மின்னஞ்சல், அதே டொமைனில் உள்ளதாக இருக்கக் கூடாது. பெயர் காலாவதியானால் அந்த மின்னஞ்சலும் நின்றுவிடும், புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல் வந்து சேராது.