வாகனக் கணக்கு ஏன் முரண்படுகிறது?

கேள்வி: ஒரே சாலையில் இரு துறைகள் எடுத்த வாகனக் கணக்குகள் ஒத்துப்போகவில்லை. போக்குவரத்துத் திட்ட மாதிரிக்கு (சாலையில் வாகன ஓட்டம் எப்படி இருக்கும் என்று மதிப்பிடும் கணக்கீட்டுக்கு) எதை எடுத்துக்கொள்வது?

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம், எடுத்த காலமும் அலகும் வேறாக இருக்கும். ஊரகச் சாலைகளில் ஆண்டுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் தொடர்ந்து 7 நாள், 24 மணி நேரமும் எண்ண வேண்டும் என்கிறது சாலைகளுக்கான தரநிலைகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ். சந்தை நாளில் மட்டும் எடுத்த கணக்கை அதனுடன் அப்படியே சேர்க்க முடியாது. அதே அமைப்பின் 1990ஆம் ஆண்டு வழிகாட்டி, ஊரகச் சாலையில் இருசக்கர வாகனத்தை 0.5 கார் அலகாகவும் (ஒரு காரை 1 எனக் கொண்டு மற்ற வாகனங்களை அதனுடன் ஒப்பிடும் அளவு), லாரியை 3 ஆகவும், மாட்டுவண்டியை 8 ஆகவும் கொள்கிறது (அதன் பின்னால் ஊர்ந்து சென்றவர்கள் வியக்கமாட்டார்கள்). ஆகவே மொத்தத்தை மட்டும் வைத்துக்கொள்ளாமல், வாகன வகை, திசை, மணி, தேதி ஆகியவற்றோடு மூலக்கணக்கையே பாதுகாத்தால்தான் பின்னர் ஒரே அலகுக்கு மாற்ற இயலும். மாதிரியைச் சரிபார்க்கவென்று சில இடங்களின் கணக்கைத் தனியே ஒதுக்கி வையுங்கள்.