சிங்கம் என்றால் வீரமா? கேடயச் சின்னங்கள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: சார், ஐரோப்பியர்களின் கேடயச் சின்னத்தில் சிவப்பு என்றால் வீரம், நீலம் என்றால் விசுவாசம் என்று ஒரு பட்டியல் சுற்றுகிறதே, நம்பலாமா?

பதில்: வேண்டாம். அது பிற்காலத்தில் எழுதிச் சேர்த்தது. போர்வீரர்கள் தங்கள் அடையாளத்தைக் கேடயத்தில் வரைந்துகொள்ளும் இந்த வழக்கம் 12ஆம் நூற்றாண்டில் பரவியபோது நிறத்துக்கு இருந்த வேலை ஒன்றுதான்: தூரத்திலிருந்து பளிச்சென்று தெரிய வேண்டும். அதனால்தான் பொன், வெள்ளி இரண்டையும் 'உலோகம்' என்றும் சிவப்பு, நீலம், கறுப்பு முதலியவற்றை 'நிறம்' என்றும் பிரித்தார்கள். உலோகத்தின் மேல் உலோகம் கூடாது, நிறத்தின் மேல் நிறம் கூடாது. நம்மூர் டாக்சி நம்பர் பிளேட்டில் மஞ்சள் மேல் கறுப்பு எழுத்து இருக்கிறதே, அதே கணக்கு.

கேள்வி: அப்போ உள்ளே இருக்கும் உருவங்களுக்கும் அர்த்தம் இல்லையா?

பதில்: இருக்கிறது. ஆனால் தத்துவம் தேடுவதற்கு முன்னால் ஆளின் பெயரைப் பாருங்கள். நிறைய இடங்களில் பெயரை வைத்துச் செய்த சிலேடைதான். 1596இல் ஷேக்ஸ்பியரின் அப்பா ஜானுக்குக் கிடைத்த சின்னம் பொன் கேடயம். அதில் சாய்வாக ஒரு கறுப்புப் பட்டை, பட்டையின் மேல் வெள்ளி முனை வைத்த பொன் ஈட்டி. ஆங்கிலத்தில் 'ஸ்பியர்' என்றால் ஈட்டி, அவ்வளவுதான் விஷயம். இரண்டாம் எலிசபெத்தின் தாயார் பிறந்த குடும்பம் போஸ்-லயன். அவர்கள் சின்னத்தில் வில்லும் சிங்கமும். காளமேகம் பார்த்திருந்தால் ரசித்திருப்பார்.

கேள்வி: பிரிட்டிஷ் இளவரசர் வில்லியமின் மனைவி கேட் மிடில்டன் சின்னத்தில் இருக்கும் கொட்டைகள் என்ன?

பதில்: ஓக் மரத்துக் காய்கள். பிறந்த வீட்டில் கேட்டோடு சேர்த்து மூன்று பிள்ளைகள், அதனால் மூன்று. அவர்கள் வளர்ந்த பகுதியில் ஓக் மரம் அதிகம். நடுவில் கூரை போல மடிந்திருக்கும் பொன் பட்டை, அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் கோல்ட்ஸ்மித் என்பதால் வந்தது. இங்கேயும் சிலேடை! 2011இல் கல்யாணத்துக்கு முன்பு, அவர் சின்னம் நீல ரிப்பனில் தொங்குவதுபோல் வரையப்பட்டது. மணமாகாத பெண் என்பதற்கு அதுதான் அடையாளம்.

கேள்வி: விஞ்ஞானிகளுக்கு இப்படி உண்டா அண்ணா?

பதில்: எனக்கு ரொம்பப் பிடித்தது டென்மார்க் இயற்பியலாளர் நீல்ஸ் போருடையது. 1947இல் டென்மார்க் அவருக்கு யானை விருது கொடுத்தது. பெரும்பாலும் அரச குடும்பத்தாருக்கும் நாட்டுத் தலைவர்களுக்கும் போகும் விருது அது. பெறுபவருக்குச் சின்னம் வேண்டும். மனிதர் சிங்கமும் கழுகும் கேட்கவில்லை. கறுப்பும் வெள்ளையும் ஒன்றையொன்று தழுவி நிற்கும் சீனர்களின் யின்-யாங் வட்டத்தைக் கேடயத்தில் வைத்தார். மேலே லத்தீனில் ஒரு வாசகம்: எதிரெதிரானவை ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன. ஒளியை அலை என்றும் சொல்ல வேண்டும், துகள் என்றும் சொல்ல வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் முழுமை என்று வாதாடியவர் அவர். மொத்த இயற்பியலையும் ஒரு வட்டத்துக்குள் அடக்கிவிட்டார்.

கேள்வி: போப் பிரான்சிஸ் சின்னத்தில் திராட்சைக் கொத்து ஏன்?

பதில்: நிறையப் பேர் ஏமாந்த இடம் இது. திராட்சை இல்லை, சடாமாஞ்சி என்ற வாசனைச் செடியின் பூ. இயேசுவின் வளர்ப்புத் தந்தை புனித சூசையப்பரைக் குறிக்கும்.

கேள்வி: குடும்பப் பெயரைச் சொன்னால் 'உங்கள் வம்சச் சின்னம்' என்று பிரேம் போட்டு விற்கிறார்களே?

பதில்: காசு தண்டம். இங்கிலாந்தில் சின்னம் ஒரு பெயருக்கு உரியது இல்லை, ஓர் ஆளுக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. ஒரே பெயர் உள்ள பக்கத்து வீட்டுக்காரருக்கு அதில் பங்கு கிடையாது.

கேள்வி: அப்போ நம்முடைய புலி, மீன், வில்?

பதில்: அவை அரசுக்கு உரியவை, தனி ஆளுக்கு இல்லை. திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையில் சோழர் புலியோடு மீனும் வில்லும் சேர்ந்தே இருக்கும். மற்ற இருவரும் எங்களுக்கு அடக்கம் என்று காட்டிக்கொள்வது.

கேள்வி: என் பெயர் கதிர்வேல். எனக்கு நானே ஒன்று வரைந்துகொள்ளலாமா?

பதில்: தாராளமாக. நீலக் கேடயம், நடுவில் பொன் வேல், இரண்டு பக்கமும் பொன் நெற்கதிர். கதிர் என்றால் சூரியக் கதிர்தானே என்று யாராவது கேட்டால், அதுவும்தான் என்று சொல்லிவிடுங்கள்.