பேச்சிப்பாறைக் காட்டில் கிடைப்பதைத் தின்னலாமா?

குமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறைக்கு மேலே கள ஆய்வுக்குப் போகும்போது, காட்டுக் கிழங்கையும் பழத்தையும் நம்பி உணவுச் சுமையைக் குறைக்கலாமா என்று கேட்கிறீர்கள். குறைக்காதீர்கள். ஞாவலும் நெல்லியும் வாய்க்கு ருசி, அவ்வளவுதான்.

கிழங்கில்தான் வினை இருக்கிறது. காட்டு வள்ளியில் சில வகைகளை அப்படியே அவிக்கலாம். சிலவற்றைச் சீவி, ஓடும் நீரில் ஊறப்போட்டு, நீரை மாற்றி மாற்றி வேகவைத்தால்தான் நஞ்சு இறங்கும். செங்காந்தள் கிழங்கை வள்ளி என்று நினைத்துத் தின்று செத்தவர்கள் உண்டு. இலையின் நுனி பற்றுக்கம்பியாகச் சுருண்டிருந்தால் அந்தக் கொடியைத் தோண்டாதீர்கள். செங்காந்தளில் உள்ள கொல்கிசின் என்ற நஞ்சு வேகவைத்தாலும் போகாது.

'குரங்கு தின்றால் நாமும் தின்னலாம்' என்பது வெறும் பேச்சு. எட்டிப் பழத்தின் சதையைக் குரங்கு தின்னும். கொட்டையில் இருப்பது ஸ்ட்ரிக்னின் என்ற கொடிய நஞ்சு.

உடன் வரும் காணிப் பழங்குடிப் பெரியவர் எடுத்துத் தருவதை மட்டும் உண்ணுங்கள், அதையும் முதலில் கொஞ்சமாக. 1987இல் அகத்தியமலையில் களைத்துப்போன ஆய்வாளர்களுக்குக் காணிகள் கொடுத்த காய்தான் பிறகு ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையாகப் பெயரெடுத்தது. ஆனால் சிறு வனப்பொருள் சேகரிக்கும் உரிமை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி அவர்களுடையது. உங்கள் ஆய்வு அனுமதிச் சீட்டு பறிப்பதற்கான அனுமதி ஆகாது. வழியிலுள்ள குலசேகரத்திலேயே அவலும் கருப்பட்டியும் வாங்கிக்கொள்ளுங்கள்.