பெட்டி பழையது, டிரைவர் எங்கே?

வீட்டிலேயே பாட்டும் பேச்சும் பதிவுசெய்பவர்கள் அனுப்பிய கடிதங்கள் இம்முறை ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே கவலை: கைமாறி வரும் பழைய ஆடியோ இன்டர்ஃபேஸை, அதாவது மைக்கையும் கிடாரையும் கணினியோடு இணைக்கும் பெட்டியை, நம்பிப் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: ஒலிநூல் வாசித்துப் பதிவுசெய்யத் தொடங்கியிருக்கிறேன். அவ்வப்போது கிடாரும் வாசிப்பேன். தோழியின் அண்ணன் தன்னிடமிருக்கும் முதல் தலைமுறை ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2-வை 3,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். பத்து வருடத்துக்கு மேல் பழையது. புதிது வாங்க இன்னும் ஆறு மாதம் சேமிக்க வேண்டும். இதை வாங்கினால் ஒலித்தரம் குறைந்துவிடுமா?
— வாசகி, ஈரோடு

பதில்: வாங்கலாம். ஆனால் பழைய இன்டர்ஃபேஸைப் பார்த்து முதலில் கேட்க வேண்டியது ஒலித்தரத்தை அல்ல. இந்தப் பெட்டிகள் ஒலி கெட்டுச் சாவதைவிட டிரைவர், அதாவது பெட்டியைக் கணினிக்குப் புரியவைக்கும் மென்பொருள், இல்லாமல் சாவதுதான் அதிகம்.

ஒலியைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். இந்த மாடல் 2011இல் வந்தது, 24 பிட்டில் பதிவுசெய்யும். குறுந்தட்டின் 16 பிட்டுக்கே மிக மெல்லிய ஒலிக்கும் உச்ச ஒலிக்கும் இடையே சுமார் 96 டெசிபல் இடைவெளி உண்டு. இரவு பதினொரு மணிக்கு மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தாலும் நம் வீட்டு அறையின் அமைதி அவ்வளவு ஆழத்துக்குப் போகாது. உங்கள் ஒலிநூலைக் கேட்பவர் காதில் விழப்போவது பக்கத்து வீட்டுக் குக்கர் விசில்தான், பெட்டியின் வயது அல்ல. மிச்சமாகும் பணத்தில் கனமான திரைச்சீலையும் இரண்டு பழைய மெத்தையும் வாங்கிச் சுவரோரம் நிறுத்துங்கள். அந்த வித்தியாசம் யார் காதுக்கும் தெரியும்.

கிடாருக்கு ஒரு எச்சரிக்கை. இந்தத் தலைமுறையின் கிடார் உள்ளீடு, எலக்ட்ரிக் கிடாரில் கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்அப்கள் வலுவாக இருந்தால் தாங்காது. உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் கெயின் குமிழை அடிவரை குறைத்தாலும் அழுத்தி மீட்டும்போது சிவப்பு விளக்கு எரிந்து ஒலி பிளந்துவிடும். மைக் வைத்து அக்கௌஸ்டிக் கிடாரைப் பதிவுசெய்வதானால் இந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று: ஒலிபரப்பாளர்கள் விரும்பும் ஷூர் எஸ்எம்7பி போன்ற, மெல்லிய சிக்னல் தரும் டைனமிக் மைக்குகளுக்கு 60 டெசிபல் அளவுக்குக் கெயின் தேவைப்படும். பழைய சிறிய பெட்டிகள் அந்த உயரத்துக்கு ஏறும்போது மூச்சு வாங்கும், ‘ஸ்ஸ்’ என்று இரைச்சல் வரும். வலுவான சிக்னல் தரும் கண்டென்சர் மைக் வைத்திருந்தால் கவலை வேண்டாம்.

இனி டிரைவர். சில இன்டர்ஃபேஸ்கள் யூஎஸ்பி ஒலிக்கருவிகளுக்கென்று பொதுவாக வகுத்த மொழியிலேயே கணினியோடு பேசும். இவற்றைக் ‘கிளாஸ் கம்ப்ளையன்ட்’ என்பார்கள். மேக், ஐபேட், லினக்ஸ் எல்லாம் இவற்றைத் தனி மென்பொருள் இல்லாமலே அடையாளம் கண்டுகொள்ளும். விண்டோஸும் 2017 முதல் யூஎஸ்பி ஒலியின் இரண்டாம் தரத்தைத் தானாகவே புரிந்துகொள்கிறது. மற்றவை தயாரிப்பாளர் எழுதிய டிரைவர் இருந்தால்தான் வாய் திறக்கும். நிறுவனம் அதைப் புதுப்பிப்பதை நிறுத்தினால், அடுத்த விண்டோஸ் வரும் நாளே பெட்டிக்குக் கடைசி நாள் ஆகலாம். விண்டோஸ் 11இல் ‘மெமரி இன்டெக்ரிட்டி’ என்ற பாதுகாப்பு, தனக்கு ஒத்துவராத பழைய டிரைவர்களை உள்ளேயே விடாது. ஆப்பிளின் எம் வரிசைச் சில்லுகள் வந்த மேக்குகளில், இன்டெல் காலத்து டிரைவர் நீட்சிகள் ஏறவே ஏறா.

இதை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெட்டி கைக்கு வந்தது. உலோக உடம்பு, வெண்ணெய் போல் சுழலும் குமிழ்கள், கீறல் இல்லை. வீட்டுக்கு வந்து தேடினால், அதற்கான கடைசி டிரைவர் என் கணினிக்கு இரண்டு விண்டோஸ் முந்தையது. இப்போது அது மேசையில் காகிதம் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது.

நல்ல வேளை, 2ஐ2 கிளாஸ் கம்ப்ளையன்ட் வகை. வேறு எந்தப் பெட்டியாக இருந்தாலும் விற்பவர் வாய்மொழியை நம்பாமல் இப்படிச் சோதியுங்கள்: போனோடு யூஎஸ்பி கருவிகளை இணைக்கும் ஓடிஜி கேபிளும் தனி மின்சாரம் உள்ள ஒரு யூஎஸ்பி ஹப்பும் கொண்டுபோய், பெட்டியை உங்கள் ஆண்ட்ராய்டு போனில் இணையுங்கள். பெட்டியின் ஹெட்ஃபோன் துளையில் போனின் பாட்டு கேட்டால் அது பொதுமொழி பேசும் பெட்டி. ஹப் எதற்கென்றால், போன் தரும் மின்சாரம் பல பெட்டிகளுக்குப் போதாது. விளக்கு எரியவில்லை என்பதற்காகப் பெட்டியைக் குறை சொல்லிவிடக் கூடாது.

தோழியின் அண்ணன் வீட்டுக்குப் போகும்போது உங்கள் மடிக்கணினி, மைக், கேபிள், ஹெட்ஃபோன் எல்லாம் கையோடு இருக்கட்டும். முதலில் பின்பக்கம் பாருங்கள். சதுரமான யூஎஸ்பி துளை என்றால் முதல் இரண்டு தலைமுறைகளில் ஒன்று, மூன்றாவதிலிருந்து சி வகைத் துளை வந்துவிட்டது. கேபிளைச் செருகிய பின் மெல்ல மேலும் கீழும் அசையுங்கள். இணைப்பு விட்டுவிட்டு வந்தால் துளையின் பற்றவைப்பு தளர்ந்திருக்கிறது. பிறகு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு குமிழையும் கடிகார முள் வேகத்தில் திருப்புங்கள். ‘கரகர’ என்றால் உள்ளே தூசி, கான்டாக்ட் கிளீனர் தெளித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதைச் சொல்லி 300 ரூபாய் குறைக்கலாம். திருப்பும்போது ஒரு பக்கம் ஒலியே அற்றுப்போனால் குமிழ் தேய்ந்துவிட்டது, அது வேறு கணக்கு.

கண்டென்சர் மைக்கைச் செருகி, அதற்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் ஃபேன்டம் சுவிட்சைப் போட்டு, இரண்டு உள்ளீட்டிலும் பேசிப் பாருங்கள். மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது: மைக் செருகும் எக்ஸ்எல்ஆர் முனையின் 1ஆம் ஊசிக்கும் 2ஆம் ஊசிக்கும் இடையே 44 முதல் 52 வோல்ட் வரை காட்ட வேண்டும். 3ஆம் ஊசிக்கும் அதே. 30 வோல்ட்டில் திணறினால் உள்ளிருக்கும் பாகங்கள் களைத்துவிட்டன என்று பொருள். கடைசியாக, இருபது நிமிடம் தொடர்ந்து பதிவில் விட்டுவிட்டுத் தோழியோடு காபி குடியுங்கள். சூடேறிய பின்தான் சில பெட்டிகள் குணத்தைக் காட்டும்.

பெட்டியோடு இலவசமாகக் கொடுத்த மென்பொருள் உரிமத்தை அண்ணன் எப்போதோ தன் பெயரில் பதிந்திருப்பார். அதையும் விலையில் சேர்த்துச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: மூடப்படும் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து எட்டு மைக் உள்ளீடு கொண்ட ஃபயர்வயர் இன்டர்ஃபேஸ் 5,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ‘அந்தக் காலத்தில் லட்சத்தைத் தொட்ட சரக்கு’ என்கிறார்கள். புது மேக் வைத்திருக்கிறேன். எடுக்கலாமா?
— வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். அந்தக் காலத்து விலை உங்களுக்கு எந்த வகையிலும் உதவாது.

யூஎஸ்பி போலவே கருவிகளைக் கணினியோடு இணைக்கும் ஃபயர்வயர், ஒரு காலத்தில் ராஜபாட்டைதான். 2001இல் மோட்டு நிறுவனத்தின் 828 வந்தபோது, கணினியைத் திறந்து அட்டை செருகாமலே பல உள்ளீடுகளில் பதிவுசெய்ய முடிந்தது பெரிய விடுதலை. இன்று ஆப்பிளே கதவைச் சாத்திவிட்டது. 2025இல் வெளியான மேக்ஓஎஸ் டாஹோவில் ஃபயர்வயர் ஆதரவு இல்லை. தண்டர்போல்ட் அடாப்டர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து வேலைவாங்கியவர்களுக்கும் அந்த வழி அடைந்துபோனது.

இரண்டு விதிவிலக்கு உண்டு. உங்களிடமோ வீட்டில் எவரிடமோ ஃபயர்வயர் துளை உள்ள பழைய மேக் இருந்து, அதை இணையத்தோடு சேர்க்காமல் பதிவுக்கு மட்டும் ஒதுக்க முடிந்தால், இரண்டும் சேர்ந்து இன்னும் சில வருடம் ஓடும். அல்லது, பெட்டி கணினி இல்லாமல் தனித்தும் இயங்கும் வகையா, அதில் ஏடாட் எனப்படும், பல உள்ளீடுகளின் ஒலியை ஒரே ஒளியிழையில் அனுப்பும் வெளியீடு இருக்கிறதா என்று பாருங்கள். ஃபோகஸ்ரைட் சஃபையர் ப்ரோ 40 போன்றவை அப்படி இயங்கும். ஏடாட் உள்ளீடு உள்ள ஒரு புதிய இன்டர்ஃபேஸோடு ஒற்றை இழையால் இணைத்தால், 48 கிலோஹெர்ட்ஸில் (ஒலியை நொடிக்கு 48,000 மாதிரிகளாக எடுக்கும் வேகத்தில்) எட்டு மைக்கும் உள்ளே வந்துவிடும். ஃபயர்வயர் துளையைத் தொடவே வேண்டாம். அதற்கு 5,000 கொடுத்தால் லாபம்தான். ஆனால் தனித்து இயங்கும்போது கெயினை முகப்பிலேயே திருப்ப முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள். சில பெட்டிகளில் அதற்கும் கணினிதான் வேண்டும்.

கேள்வி: பழைய இன்டர்ஃபேஸ் வாங்கி ஒரு வாரம் ஆகிறது. ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம் எல்லாப் பதிவிலும் விழுகிறது. ஏமாந்துவிட்டேனா?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: அவசரப்பட்டு விற்றவரைத் திட்டாதீர்கள். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் ஒரு நிமிடம் பதிவுசெய்யுங்கள். ரீங்காரம் நின்றுவிட்டதா? அப்படியானால் பெட்டியில் குறை இல்லை, வீட்டு மின் இணைப்பிலும் சார்ஜரிலும்தான். நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் துடிப்பு, சரியான எர்த் கிடைக்காமல் ஒலிப்பாதை வழியாக வடிகிறது. இரண்டு முனை சார்ஜர்கள் இந்த விஷயத்தில் பேர்போனவை.

மூன்று முனை பிளக் உள்ள சார்ஜருக்கு மாறுங்கள். கணினி, ஸ்பீக்கர், இன்டர்ஃபேஸின் அடாப்டர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் செருகுங்கள். ஸ்பீக்கருக்குப் போகும் கேபிள் பிளக்கில் இரண்டு கறுப்பு வளையம் உள்ள டிஆர்எஸ் வகையாக இருக்கட்டும். எர்த் ஊசியை வெட்டிவிட்டால் சத்தம் நின்றுவிடும் என்று யாராவது யோசனை சொன்னால், அவரை வீட்டுக்குள் விடாதீர்கள். சத்தம் நிற்கும், கூடவே உங்கள் இதயமும் நிற்கலாம்.

சார்ஜரைக் கழற்றியும் போகவில்லை, கெயினைக் கூட்டினால் கூடுகிறது என்றால் மைக் கேபிளை மாற்றிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால்தான் பெட்டி மீது சந்தேகம்.

கேள்வி: கடையில் ‘புதுப்பிக்கப்பட்டது’ என்று பில் போட்டு விற்ற இன்டர்ஃபேஸில் ஒரு உள்ளீடு மூன்றாம் நாளே இறந்துவிட்டது. ‘பழைய சாமானுக்கு உத்தரவாதம் கிடையாது’ என்று திருப்பி அனுப்புகிறார்கள். வழி உண்டா?
— வாசகி, சென்னை

பதில்: பில் இருப்பதால் உண்டு. பழைய பொருள் என்பதாலேயே கடைக்காரர் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து தப்பிவிட முடியாது. வேலைசெய்கிறது என்று சொல்லி விற்றது வேலைசெய்யவில்லை என்பதுதான் உங்கள் வழக்கு. இறந்த உள்ளீட்டில் பேசிக் காட்டும் வீடியோ ஒன்றை இன்றே எடுத்து, எழுத்துவடிவில் கடைக்கு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். பெரும்பாலும் அந்த அழைப்பு போனதுமே கடைக்காரர் குரல் மாறும். மாறாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்குப் புகார் கட்டணம் கிடையாது.

வியாபாரம் செய்யாத தனிமனிதரிடம் வாங்குபவர்களுக்கு இந்தச் சட்டம் கைகொடுக்காது. ஈரோட்டு வாசகிக்கு இருபது நிமிடம் காபி குடிக்கச் சொன்னது அதனால்தான்.

கேள்வி: பழைய இன்டர்ஃபேஸில் பாடும்போது என் குரல் ஹெட்ஃபோனில் தாமதமாக வருகிறது. புதிது வாங்கினால் சரியாகுமா?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: வாங்காமலே சரியாகும். ஒலி காற்றில் ஒரு மில்லிசெகண்டுக்குச் சுமார் 34 சென்டிமீட்டர் போகிறது. உங்கள் மென்பொருளில் பஃபர், அதாவது கணினி ஒரே தடவையில் கையாளும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை, 512 என்று இருந்தால், 48 கிலோஹெர்ட்ஸில் உள்ளே வர 10.7 மில்லிசெகண்ட், வெளியே போக இன்னொரு 10.7. ஏழு மீட்டர் தள்ளி நிற்பவர் பாடுவதுபோல் உங்கள் குரலே உங்களுக்குக் கேட்கும். பஃபரை 128 ஆக்கினால் அது இரண்டு மீட்டருக்குக் கீழே வந்துவிடும். பதிவில் ‘டிக் டிக்’ என்று வெட்டு விழுந்தால் உங்கள் கணினிக்கு 128 தாங்கவில்லை, 256க்கு ஏற்றுங்கள்.

அதையும்விட எளிய வழி பெட்டியின் முகப்பிலேயே இருக்கலாம். ‘டைரக்ட் மானிட்டர்’ என்றொரு சுவிட்ச். அதைப் போட்டால் குரல் கணினிக்குப் போய்த் திரும்பாமல் நேராக ஹெட்ஃபோனுக்கு வரும். மென்பொருளில் அந்த டிராக்கின் மானிட்டரை மட்டும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் ஒருவரே ஜோடியாகப் பாடுவீர்கள்.