கோணமலைத் தபால்பெட்டி: வாடைக் காலத்தில் வருகிறவர்களுக்கு

டிசம்பர் விடுமுறைக்குப் பிள்ளைகளோடு நிலாவெளிக்கு வர இருக்கிறோம். கடலில் குளிக்கலாமா?
– வாசகி, வவுனியா

வேண்டாம் தங்கச்சி. மே முதல் செப்டெம்பர் வரை குளத்துத் தண்ணீர்போல் கிடக்கும் அதே கடல்தான், வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று வீசத் தொடங்கியதும் ஆளே மாறிவிடும். அலை சிறிதாகத் தெரிந்தாலும் அடியில் இழுவை பொல்லாதது. மீனவர்கள் படகை மேட்டில் ஏற்றி வைத்திருந்தால் நீங்களும் இறங்காதீர்கள்.

பயணத்தைக் கைவிடத் தேவையில்லை. காலையிலேயே கோணேசர் கோயிலுக்கு ஏறுங்கள். சம்பந்தர் பாடிய கோணமாமலை அதுதான். இராவணன் வெட்டுப் பக்கம் நின்று கீழே பார்த்தால் வாடைக் கடலின் முழுக் குணமும் தெரியும். அப்புறம் கன்னியா. திருகோணமலை நகரிலிருந்து ஏறத்தாழ 8 கிலோமீற்றர். 7 வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. உள்ளே இறங்கக் கூடாது, வாளியால் அள்ளி ஊற்ற வேண்டும். மழை ஈரத்தில் அந்தத் தண்ணீர் தோளில் விழுகிற சுகம் ஆவணி வெயிலில் வருகிறவர்களுக்குக் கிடைக்காது. இராவணன் தாயின் கிரியைக்காக உண்டாக்கியவை என்பது எங்கள் ஊர்க் கதை. இன்றைக்கும் பிதிர்க்கடன் கழிக்கும் இடமாகத்தான் எங்கள் சனம் அதை நினைக்கிறது. பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கூட்டிப் போங்கள்.

திருகோணமலைக் கோட்டை வாசலில் நிற்கும் மான்களுக்கு பிஸ்கட் கொடுக்கலாமா?
– மாணவி, யாழ்ப்பாணம்

கொடுக்காதே பிள்ளை. கையால் வாங்கிப் பழகிய புள்ளிமான் குப்பை மேட்டுக்கும் போகிறது. சாப்பாட்டு வாசம் பிடித்த பொலித்தீன் பையை அப்படியே விழுங்கிவிடும். அது செரிக்காது, வெளியேயும் வராது. வயிறு நிறைந்த மாதிரியே இருந்து, புல் தின்னாமல் மெலிந்து சாகும். தூரத்தில் நின்று பார்.

மலைநாட்டிலிருந்து மாற்றலாகி வந்திருக்கிறேன். நல்ல மீன் எப்படி வாங்குவது?
– ஆசிரியை, திருகோணமலை

டீச்சர், இந்தக் கேள்விக்குப் பக்கம் முழுவதையும் கொடுக்கலாம். முதலில் காலத்தைப் பாருங்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் எங்கள் கரை அமைதியாக இருக்கும். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்தில் அப்போது கடல் கொந்தளிப்பதால் அங்குள்ள மீனவர்களும் இங்கே வந்து வாடி, அதாவது கரையோரக் கொட்டில், போடுவார்கள். கரைவலையும் அந்தக் காலத்தில்தான். ஒரு விடியலில் நிலாவெளிப் பக்கம் போய்ப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் கயிறு பிடிக்க, வலையின் மடி மெல்லக் கரைக்கு வரும். சூடை, கீரி, நெத்தலி, சில நாளில் பாரை. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி மொத்த வியாபாரியோடு விலை பேசி முடியும்வரை பொறுத்திருந்து, பிறகு கேளுங்கள். வீட்டுக் கறிக்கு இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

சந்தையில் வாங்கினால் கண் தெளிவாக இருக்கிறதா, செவுள் சிவப்பா, விரலால் அமர்த்தினால் குழி உடனே நிரம்புகிறதா என்று பாருங்கள். சூடையில் வயிறு வெடித்திருந்தால் வேண்டாம். அறுக்குளாதான் (வஞ்சிரம்) மீன் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அன்றைக்குப் பிடித்த சூடையைப் பழப்புளி விட்டுக் குழம்பு வைத்துப் பாருங்கள், முந்தாநாள் ஐஸில் கிடந்த அறுக்குளா பக்கத்தில் நிற்காது. விலையும் குறைவு. மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு ஒழுங்கைக்கு வரும் மீன்காரர் ஒருவரை வாடிக்கையாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நாளைக்கும் உங்கள் வாசலுக்கு வர வேண்டியவர் பழுதான மீனைத் தர மாட்டார்.

உப்புவெளியில் சிறிய சாப்பாட்டுக் கடை போட நினைக்கிறேன். வெளிநாட்டுக்காரரை நம்பலாமா?
– வாசகர், திருகோணமலை

நம்பலாம் தம்பி, ஆனால் அவர்களை மட்டும் நம்பாதே. மே தொடக்கம் செப்டெம்பர் வரை கை நிறையும். அந்த வருமானத்தை வைத்து வீட்டு வாடகையையும் கடனையும் கணக்குப் போட்டவர்கள் தையும் மாசியும் வரும்போது படுகிற பாட்டை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் நல்ல கைப்பக்குவம் உள்ளவர்களும் கடையை மூடினார்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆகவே முதலில் ஊருக்குச் சமை. காலையில் பிட்டு, இடியப்பம், சொதி, சம்பல். கந்தோருக்குப் போகிறவர்களும் ஓட்டோக்காரரும் வருடம் முழுவதும் சாப்பிடுவார்கள். கடற்கரையை விட பஸ் ஓடும் வீதியோரம் உனக்கு நல்லது. விலைப்பட்டியலை மூன்று மொழியிலும் எழுதி வை. உள்ளூரவருக்கு ஒரு விலை, வெள்ளைக்காரருக்கு ஒரு விலை என்று வைக்காதே. அது சரியில்லை, வந்தவர் கண்டுபிடித்தால் அடுத்தவருக்கும் சொல்வார். மீனை வாடியிலேயே எடு, வாடைக் காலத்தில் கருவாட்டுக் குழம்பைப் பலகையில் எழுதிப் போடு.

புறாத்தீவுக்குப் போக என்ன தயார் செய்ய வேண்டும்?
– வாசகர், கண்டி

அது 2003 முதல் தேசியப் பூங்கா. நுழைவுச் சீட்டு எடுக்க வேண்டும். படகு நிலாவெளிக் கரையிலிருந்து. கூட்டம் சேருமுன் காலையில் போங்கள். பவளப்பாறை வெறும் கல் அல்ல, உயிருள்ளது, மிதித்தால் முறியும், ஒரு விரல் நீளம் வளரவே வருடங்கள் செல்லும். ஆழம் குறைந்த இடத்தில் காலூன்றாமல் மிதந்து பாருங்கள். நீந்தத் தெரியாவிட்டால் மிதவைச் சட்டையைப் படகுக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். கருமுனைச் சுறாக் குட்டிகள் பக்கத்தில் வந்தாலும் பயப்பட வேண்டாம், விலகிப் போய்விடும். குடிதண்ணீர் கையோடு எடுங்கள், வெறும் போத்தலைக் கரைக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.